கராச்சுக்குள் ஓடிய மைல்கள்

நாரந்தனையில் தியாகலிங்கத்தின் வீடு எது என்று விசாரித்தால், "ஆர், அந்தக் கார்க்காரனோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். சொந்தமாக ஒரு சைக்கிளைக்கூட உருப்படியாக வைத்திராத மனுசனுக்கு இப்படியொரு பெயர். பெயர் வைப்பதில் எங்கள் ஊரார் நீதி நியாயம் பார்ப்பதில்லை.

என் பெயர் கேதீஸ்வரி. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். தியாகலிங்கம் இருந்த வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலி மட்டுந்தான். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மை. இதை எழுதுவதால் அவருக்கு ஒரு நன்மையும் வரப்போவதில்லை. நன்மை செய்யக்கூடிய நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் காருக்குச் சொந்தக்காரர் நடராசா முதலாளி. பதுளையில் புடவைக்கடை வைத்திருந்தவர். தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் அதை வாங்கினாராம். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு எம்.ஜி. கார், இரண்டே இரண்டு இருக்கை, மேலே கன்வஸ் துணி, பாசிப்பச்சை நிறம். முதலாளி அதை ஓட்டியது மிகக் குறைவு. ஏறி இருந்தால் வயிறு ஸ்ரேறிங்கில் முட்டும். எண்பத்திரண்டில் மகளின் கலியாணத்துக்கு ஊராருக்குக் காட்டவேண்டும் என்று சரக்கு ரயிலில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுவந்தார். ஸ்ரேசனில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி நாரந்தனை வரைக்கும் அதை ஓட்டிவந்தவர் தியாகலிங்கம். அப்போது அவருக்கு முப்பது வயது, முதலாளி வீட்டுச் சாரதி. அந்தக் காரை அவர் தெருவில் ஓட்டியது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அடுத்த வருடக் கலவரத்தில் பதுளைக் கடை எரிந்துபோனது. கார் ஊரிலேயே தங்கிவிட்டது.

எண்பத்தாறில் முதலாளி மகனிடம் லண்டனுக்குப் போனார். போகிற அன்று கார் நிற்கும் கராச்சுக்குள் கூப்பிட்டுச் சொன்னதைத் தியாகலிங்கம் என்னிடம் ஆயிரம் தரம் சொல்லியிருப்பார்.

"தியாகு, இதை ரோட்டிலை இறக்காதை. ஆனா சும்மாவும் கிடக்க விடாதை, கியர்ப்பெட்டி இறுகிப்போகும். கிழமைக்கு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணிக் கியரிலை போட்டு ஓடவிடு. நான் வந்து இந்தக் கராச்சையும் பின்னுக்குக் கிடக்கிற ரெண்டு பரப்புக் காணியையும் உன்ரை பேருக்கு எழுதுவன்."

முதலாளி வரவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் லண்டனிலேயே செத்துப்போனார். எழுதவும் இல்லை. ஆனால் தியாகலிங்கம் முதலாளி சொன்னதைப் பிசகாமல் செய்தார். பின்பக்கத்தைப் பனங்குற்றியில் ஏற்றி, சில்லு இரண்டும் நிலத்தில் முட்டாதபடி வைத்து, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த கையோடு ஸ்ரார்ட் பண்ணுவார். நாலாவது கியர், நாற்பது மைல் வேகம், கால் மணித்தியாலம். பிறகு சாரத் துணியால் துடைத்து, இருக்கைத் தோலுக்கு எண்ணெய் தடவிக் கதவைச் சாத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் நான் உலையில் அரிசி போடுவேன். எங்கள் ஒழுங்கைக்கு அதுதான் மணிக்கூடு.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் போருக்குப் பயந்து எங்கள் தீவுச் சனமெல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. நானும் ஓடினேன். தியாகலிங்கம் மனைவி சறோஜினிதேவியை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் நின்றார். விறகையும் வைக்கோலையும் அடுக்கிக் காரை மறைத்திருந்தார். ஒருநாள் துவக்கோடு வந்த மூன்று பேர் விறகைத் தள்ளிப் பார்த்துவிட்டார்கள். ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். எஞ்சினில் ஒரு சின்னச் சாமான் இல்லாமல் கார் அசையாது. அதை முதல்நாளே கழற்றி மண்ணுக்குள் தாட்டிருந்தார். எங்கே என்று கேட்டு அடித்தார்கள். சொல்லவில்லை. அன்றைக்குப் போனதுதான் அவருடைய இடது காது. அதற்குப் பிறகு யாராவது கதைத்தால் வலது காதைத் திருப்புவார்.

"ஒரு தகரத்துக்காகக் காதைக் குடுத்த மனுசன்" என்று சறோஜினிதேவி சொல்லுவா. தொண்ணூற்றாறில் திரும்பி வந்ததில் இருந்து அவவுக்கு ஒரே சண்டை. "காருக்குக் கூரை ஓடு. எங்களுக்குத் தகரம். ரீச்சர், நீங்களே சொல்லுங்கோ, இது நியாயமோ?"

நியாயம் இல்லைத்தான். கராச்சின் பின்சுவரோடு சாய்த்துக் கட்டிய ஒன்றரை அறையில் அவர்கள் இருந்தார்கள். மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகும். வீட்டுத்திட்டம் மூன்று தரம் வந்தது. மூன்று தரமும் காணி உறுதிப் பத்திரம் இல்லை என்று பெயர் வெட்டுப்பட்டது. அந்த இரண்டு பரப்பு அவருடைய பெயருக்கு வந்தால்தான் அவர்களுக்கு ஒரு வீடு. பிள்ளை குட்டி இல்லாத, எழுபது வயது தாண்டிய இரண்டு பேருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆவணியில் கொழும்பில் இருந்து ரஜீபன் என்று ஒருவர் வந்தார். பழைய கார்களை மதிப்பிட்டு இணையத்தில் ஏலம் போட்டுக் கொடுக்கிற தரகர். முதலாளியின் மகன் சஞ்சீவன் லண்டனில் இருந்தபடி, தன் சார்பில் காரை விற்க அவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருந்தார். கடதாசியெல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் தியாகலிங்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கராச்சுக் கதவைத் திறந்ததும் ரஜீபன் நேரே காரிடம் போனார். சுற்றிச்சுற்றி நடந்தார். நிறம் பழைய நிறம், கண்ணாடி பழைய கண்ணாடி, துரை காலத்துச் சாவிப்பை கூடத் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. தியாகலிங்கம் பரிசு வாங்க நிற்கும் பிள்ளையைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு ரஜீபன் குனிந்து மீற்றரைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு மைல்? எண்பத்திரண்டாம் ஆண்டு சேர்விஸ் புத்தகத்திலை நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு எண்டெல்லோ கிடக்கு! ஐயா, காரை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, தம்பி. இது இந்தக் குற்றியை விட்டு இறங்கேல்லை."

"அப்ப மீற்றர் தானா ஓடினதோ?"

அன்று பின்னேரமே சஞ்சீவன் தொலைபேசியில் வந்தார். "தியாகண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டனீங்களோ?"

தியாகலிங்கம், "இல்லைத் தம்பி" என்று தொடங்கினார். நான் போனைப் பறித்தேன். "இரண்டு பேர் இருக்கிற காரிலை மாப்பிளையையும் பொம்பிளையையும் ஏத்தினால் காரை ஆர் ஓட்டுறது தம்பி, கொப்பரோ?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் செத்துப்போன தகப்பன் என்றும் பார்க்கத் தெரியாது.

பிறகு ஒரு கொப்பியில் கணக்குப் போட்டேன். கால் மணித்தியாலம் நாற்பது மைல் வேகத்தில் ஓடினால் பத்து மைல். சில்லு காற்றில் சுற்றினாலும் மீற்றருக்கு அது தெரியாது, எண்ணிக்கொண்டே இருக்கும். பெற்றோல் கிடைக்காத வருடங்களைக் கழித்து, கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூற்று எழுபது வெள்ளிக்கிழமை. முப்பது வருடம். கணக்கு அச்சொட்டாக வந்தது. அந்த வெள்ளி ரஜீபனைக் கராச்சுக்குள் நிறுத்தி ஓட்டிக் காட்டினோம். இலக்கங்கள் ஒவ்வொன்றாக உருண்டன. கார் ஓர் அங்குலமும் நகரவில்லை.

ரஜீபன் சிரித்துவிட்டார். "நான் நம்புறன் ரீச்சர். ஆனா நான் நம்பிப் பிரயோசனம் இல்லை, வாங்கிறவன் நம்போணும். சாதாரணமா ஓடின கார் எண்டா இருபதாயிரம் பவுண். நாலாயிரம் மைல் எண்டா நாற்பது. நாலாயிரம் மைலோடை, ஒருத்தரும் தொடாமல், முப்பது வருசத் தூசியோடை கிடந்து எடுத்தது எண்டா அறுபது. இப்ப உலகத்திலை தூசிக்குத்தான் காசு. ஐயா இதைத் துடைக்காமல் விட்டிருந்தா எல்லாருக்கும் நல்லதாப் போயிருக்கும்."

தியாகலிங்கம் வலது காதைத் திருப்பினார். "என்னவாம் ரீச்சர்?"

நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. இரண்டாம் தரமும் சொன்னேன். "அப்ப நான் சும்மா இருந்திருக்கலாமோ?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் சஞ்சீவன் நல்ல குரலில் கதைத்தார். மீற்றரை நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டுக்குத் திருப்பி வைக்கலாம். அது ஏமாற்று இல்லை, உண்மையில் ஓடிய தூரம் அவ்வளவுதானே. ஆனால் அதற்கு ஒரு சத்தியக் கடதாசி வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் பழைய சாரதி கராச்சைப் பூட்டினார், அன்று தொட்டு யாரும் திறக்கவில்லை, அந்த வளவில் யாரும் குடியிருக்கவில்லை என்று தியாகலிங்கம் கையெழுத்து வைக்கவேண்டும். "கார் நல்ல விலைக்குப் போகட்டும் அண்ணை. அடுத்த மாசமே அப்பா சொன்ன ரெண்டு பரப்பையும் எழுதித் தாறன்."

"குடியிருக்கேல்லை எண்டும் போடோணுமோ?" என்று தியாகலிங்கம் கேட்டார்.

"ஆள் இருந்த இடம் எண்டா, ஆரும் தொடேல்லை எண்டதை வாங்கிறவன் நம்பமாட்டான்" என்றார் ரஜீபன்.

சறோஜினிதேவிதான் முடிவெடுத்தா. "வைச்சுக் குடுங்கோ. உறுதி வந்தாப் போதும். ஒரு கடதாசியிலை இல்லாமல் போறதாலை நாங்கள் இல்லாமல் போகமாட்டம்."

அந்தக் கடதாசியை ஆங்கிலத்தில் எழுதியவள் நான். மறைக்க விரும்பவில்லை. ஓய்வுபெற்ற பிறகு என்னுடைய ஆங்கிலம் யாருக்கும் தேவைப்படவில்லை. ரஜீபன் வாசித்துவிட்டு, "கொழும்பிலை ஒரு லோயரும் இப்பிடி எழுதமாட்டார்" என்றபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. "அந்த வளவு முழுவதும் ஆளற்றுக் கிடந்தது" என்ற இடத்தில் இன்னும் ஓர் அழகான சொல் போட்டால் நல்லது என்று அகராதியைத் தேடி எடுத்தேன். வரிக்கு வரி தமிழில் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். சமாதான நீதவான் பிரதாபன் முத்திரை குத்தினார். அந்த வசனம் யாரைக் கடிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. இலக்கணம் சரியோ என்று மட்டும் பார்த்தேன்.

மீற்றரைக் கழற்றிக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் அரை மணித்தியாலத்தில் திருப்பினார்கள். முப்பது வருடம் அரை மணித்தியாலத்தில் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. படம் எடுப்பதற்குக் காரில் தூசி வேண்டும். ரஜீபன் கொண்டுவந்த ஆட்கள் மண்ணை அள்ளிக் கொட்டப் பார்த்தார்கள். தியாகலிங்கம் தடுத்தார். "கல்லுக் கிடக்கும், பெயின்ற் கீறுப்படும்" என்றார். மனைவியின் மா அரிதட்டை எடுத்துவந்து, ஒழுங்கை மண்ணையும் குசினிச் சாம்பலையும் கலந்து, தன் கையாலேயே முன்பக்கப் பானற்றில் இருந்து பின்பக்கம் வரைக்கும் மெல்ல அரித்துத் தூவினார். ஒரு முழுக்காலை எடுத்தது. இருக்கையில் தூவும்போது முகத்தைத் துடைத்தார். தூசி கண்ணுக்குள் போய்விட்டது என்று சொன்னார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து அழுதேன்.

அவர்களுடைய ஒன்றரை அறை படத்தில் விழக்கூடாது என்று பனையோலையால் மூடினார்கள். சறோஜினிதேவியைக் கொடியில் கிடந்த உடுப்பெல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்கள்.

ஏலம் கார்த்திகையில் முடிந்தது. ஐம்பத்தெட்டாயிரம் பவுண். ஏலப் பக்கத்தில் எழுதியிருந்ததை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். போரில் கைவிடப்பட்ட தீவில் முப்பத்துநாலு வருடம் மனிதக் கை படாமல் உறங்கிய கார் என்று போட்டிருந்தார்கள். பற்றறி பூட்டியதும் முதல் தடவையிலேயே எஞ்சின் ஓடியதாம். தீவின் உலர்ந்த காற்றே காரணம் என்று ஒரு நிபுணர் விளக்கம் எழுதியிருந்தார்.

"முதல் தரத்திலேயே பிடிச்சதோ?" என்று தியாகலிங்கம் கேட்டார். முகம் மலர்ந்து போயிருந்தது. மிச்சம் எதையும் அவர் காதில் வாங்கவில்லை.

உறுதி அடுத்த மாதம் வரவில்லை. தை பிறந்து தையும் போனது. சஞ்சீவன் முதலில் தமக்கை கனடாவில் இருந்து கையெழுத்து அனுப்பவில்லை என்றார். பிறகு போன் எடுப்பதை விட்டார். வைகாசியில் பதிவுத்தபால் வந்தது. முழு வளவும் சுற்றுலா விடுதி கட்டுகிற ஒருவருக்கு விலைபேசியாயிற்று, அத்துமீறி இருப்பவர்கள் ஒரு மாதத்தில் எழும்பவேண்டும். அத்துமீறி இருப்பவர்கள் என்ற சொல்லை நான் வாசித்தபோது சறோஜினிதேவி, "ஆரை?" என்று கேட்டா.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பத்து வருடம் இருந்தாலே ஆட்சியுரிமை கேட்கலாம், நீங்கள் நாற்பது வருடம் இருந்தவர்கள், விடமாட்டேன் என்று நான்தான் துள்ளினேன். மனு எழுதி மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோனவளும் நான். சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று மத்தியஸ்தர்கள். சஞ்சீவனுக்காக ரஜீபன் வந்திருந்தார். உள்ளே கூப்பிடுமுன் விறாந்தையில் என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சர், சத்தியக் கடதாசி பொய் எண்டு வந்தா, வாங்கினவர் வழக்குப் போடுவார். கையெழுத்து வைச்சவருக்கு மட்டுமில்லை, எழுதினவைக்கும் ஜெயில்தான். உங்கடை பென்சனும் போகும். யோசியுங்கோ."

அப்போது தியாகலிங்கத்தின் கேளாத இடது காதுதான் எங்கள் பக்கம் இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

தவிசாளர் ஓய்வுபெற்ற தபாலதிபர், நல்ல மனுசன். எங்கள் பக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ரஜீபன் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். என்னுடைய ஆங்கிலம். தவிசாளர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தியாகலிங்கத்தைப் பார்த்தார்.

"ஐயா, இது உங்கடை கையெழுத்தோ?"

"ஓம்."

"இதிலை தொண்ணூறாம் ஆண்டு தொட்டு அந்த வளவிலை ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு கிடக்கு. விளங்கித்தான் வைச்சனீங்களோ? இதை ஆர் எழுதித் தந்தது?"

தியாகலிங்கம் என்னைப் பார்த்தார். விறாந்தையில் சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது என்று அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன். நான் எழும்பி, "நான்தான் எழுதினேன், அது பொய், இந்த இரண்டு பேரும் நாற்பது வருடமாக என் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்" என்று சொல்லவேண்டிய நேரம் அது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆரோ ஒரு ஆள், ஐயா. இப்ப ஞாபகமில்லை" என்றார் தியாகலிங்கம். "விளங்கித்தான் வைச்சனான்."

"அப்ப நீங்கள் அந்த வளவிலை இருந்தனீங்களோ, இல்லையோ?"

"இருக்கேல்லை, ஐயா."

சறோஜினிதேவி தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. தவிசாளர் பேனையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி, "ரீச்சருக்கு ஏதும் சொல்லக் கிடக்கோ?" என்று கேட்டார். பிள்ளைகளை எழும்பி நின்று உண்மையைச் சொல் என்று முப்பத்தொரு வருடம் அதட்டியவள் நான். இல்லை என்று தலையாட்டினேன்.

அந்த மாதக் கடைசியில் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வேலணைக்குப் போனார்கள். சறோஜினிதேவியின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டு விறாந்தையைத் தட்டியால் மறைத்து இருக்கக் கொடுத்திருக்கிறார்கள். போகும்போது தியாகலிங்கம் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். சறோஜினிதேவி என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குப் பென்சன் மாதாமாதம் பிந்தாமல் வருகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இப்போது ஒருவரும் இல்லை. நான் எழுதிய கடதாசி உண்மையாகிவிட்டது.